எண்ணுக்கும் பட்டா வேண்டும்

நிலம் வாங்குபவர் வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்தைப் பெற்றுக்கொண்டு நிம்மதியாக உறங்குவாரா? வில்லங்கம் பார்ப்பார்; பத்திரம் பதிவார்; பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றுவார். கண்ணால் காணும் மண்ணுக்கே இத்தனை காவல் தேவைப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத இணைய முகவரி எண்களுக்கு மட்டும் பதிவு எதற்கு என்று சிலர் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

கணிப்பொறி ஒன்று இணையத்தில் பேச எண் முகவரி வேண்டும். இன்றும் பெரிதும் வழங்கிவரும் நான்காம் பதிப்பு முறையில் இருப்பவை ஏறக்குறைய 429 கோடி எண்களே. உலக மக்கள் தொகையைவிட இது குறைவு! தொடக்கக் காலத்தில் இவை இலவசமாக வாரி வழங்கப்பட்டன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒன்றிடமே 1 கோடியே 67 லட்சம் எண்கள் இருந்தன. இன்று ஐந்து வட்டாரப் பதிவகங்கள் இவற்றின் கணக்கேட்டைக் காத்து வருகின்றன. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அரிதான பொருளுக்குச் சந்தை தோன்றுவது பொருளியல் மாணவனாகிய எனக்குப் புதிதன்று.

அவ்வாண்டே, திவாலாகியிருந்த கனடா நாட்டு நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 எண்களை மைக்ரோசாப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்க முன்வந்தது. தன் விதிகளுக்கு உட்பட்டே எண்கள் கைமாற வேண்டும் என்று வட அமெரிக்கப் பதிவகமான ஏரின் வற்புறுத்தியது. இறுதியில் மைக்ரோசாப்ட் ஏரினுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அத்துணைப் பெரிய நிறுவனமும் ஏட்டைப் புறக்கணிக்கவில்லை என்பதே நான் காணும் பாடம்.

எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. ஏட்டில் பழைய பெயரையே விட்டுவைத்துத் தனி ஒப்பந்தத்தில் வாங்குவோர் உண்டு. "பணம் கொடுத்தவன் நான், இடையில் பதிவகம் யார்?" என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இல்லாமலில்லை. இலவசமாகப் பெற்றவர் விற்றுப் பொருள் சேர்க்க, வாங்குபவர் மட்டும் தமது தேவையை மெய்ப்பிக்க வேண்டும் என்று விதி இருப்பது நெருடலே.

ஆனால் எண்ணுக்கு வேலி போட முடியாது. "இது இன்னாருடையது" என்று உலகம் ஒப்புக்கொள்வதில்தான் அதன் மதிப்பு முழுவதும் இருக்கிறது. வாங்கிய எண்ணை வேறொருவர் தமதென்று அறிவித்தால், ஏட்டில் பெயரில்லாதவர் எதைக் காட்டி வழக்காடுவார்? அவ்வெண்ணிலிருந்து மோசடி மடல் வந்தால், ஏமாந்தவர் யாரைத் தேடுவார்? ஏடு காட்டும் நிறுவனம் என்றோ மூடப்பட்டிருக்கலாம். பதியாமல் வாங்கியவர் இழப்பது பணம். ஏடு பொய்த்தால் எல்லோரும் இழப்பது நம்பிக்கை.

விற்பனையையே தடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. விலை சந்தையில் முடிவாகட்டும். பெயர் ஏட்டில் ஏறட்டும். பதிவகங்களும், பட்டா மாற்ற அலைகிறவர்களைப் போல் எவரையும் அலையவிடாமல், எளிய விதிகளால் விரைந்து பதிந்து தர வேண்டும். வாசற்கதவு திறந்திருந்தால் கொல்லை வழியே வருவோர் குறைவர். எண்ணுக்குப் பஞ்சமில்லாத ஆறாம் பதிப்பு எங்கும் பரவும் நாள்வரை, இருக்கும் ஏட்டை மெய்யாக வைத்திருப்பதே பின்னால் வரும் நமக்குப் பாதுகாப்பு.