யாருக்காக இந்த வெளுப்பு?

திருப்பூர்ப் பக்கம் வேலை செய்யும் எவருக்கும் வெளுப்பு என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கும் துணி பழுப்பு நிறமாக இருக்கும். அது சலவைப் பட்டறைக்குப் போய், மருந்துத் தண்ணீரில் வெந்து, வெள்ளை வெளேரென்று வெளியே வருகிறது. அந்த வெள்ளைக்கு இந்த மாவட்டம் கொடுத்த விலை என்ன என்பதை நொய்யல் ஆறு சொல்லும். சாய, சலவைப் பட்டறைகளின் கழிவு ஆற்றையும் கிணற்றையும் வயலையும் கெடுத்து, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமே பட்டறைகளை மூடும்படி உத்தரவிட நேர்ந்தது.

துணியை வெளுப்பது ஒரு தொழில். மனிதரின் தோலை வெளுப்பதாகச் சொல்லிக் காசு பறிப்பதும் இன்று ஒரு தொழிலாகிவிட்டது. முதல் தொழிலில் நம் பெண்கள் கூலி வாங்குகிறார்கள். இரண்டாவது தொழிலுக்கு அந்தக் கூலியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இதைப் பற்றித்தான் இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

“கூலி உயர்வு, பஞ்சப்படி, வேலை நேரம் என்று எழுத வேண்டிய இடத்தில் பவுடரையும் கிரீமையும் பற்றி எழுதுவானேன்?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு விஷயம் உழைக்கும் பெண்ணின் கூலியைத் தின்கிறது, ஓய்வைத் தின்கிறது, மானத்தையும் தின்கிறது என்றால், அது தொழிலாளர் பிரச்சனை இல்லாமல் வேறென்ன?

பல்லடத்திலிருந்தோ அவிநாசியிலிருந்தோ காங்கயத்திலிருந்தோ கம்பெனி வேனில் வரும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி வைத்துவிட்டு வேன் ஏறுகிறாள். செக்கிங் மேஜையில் நின்றோ, ஓவர்லாக் மெஷினில் குனிந்தோ, கைமடித்தோ ஒரு ஷிப்ட் வேலை. அவசர ஆர்டர் என்றால் ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம். வீடு திரும்பினால் அடுப்படியும் துணி துவைப்பும் இரண்டாவது ஷிப்ட்.

இவற்றுக்கு மேல் இப்போது மூன்றாவது ஷிப்ட் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. முகம் கறுக்கக் கூடாது. முடி உதிரக் கூடாது. புருவம் திருத்தியிருக்க வேண்டும். உடம்பு பருக்கக் கூடாது, இளைக்கவும் கூடாது. நேற்று உடுத்தியதை இன்று உடுத்தக் கூடாது. இதற்கு ஹாஜர் பட்டியல் இல்லை. ஆனால் மேஸ்திரியின் கண் உண்டு, மாமியாரின் வாய் உண்டு, பெண் பார்க்க வருகிறவர்களின் மௌனம் உண்டு. ஆண் தொழிலாளி பஞ்சு படிந்த தலையோடு தெருவில் நடந்தால், “பாவம், வேலை முடித்து வருகிறான்” என்கிறார்கள். அதே பஞ்சு பெண்ணின் தலையில் இருந்தால், “என்னடி இது கோலம்?” என்கிறார்கள். ஒரே ஆலை, ஒரே பஞ்சு, ஆனால் இரண்டு நியாயம்!

செலவைப் பார்ப்போம். கிரீம், ஷாம்பு, பவுடர், பார்லர் என்று மாதம் ரூ. 200 போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ரூ. 2,400. ஒரு ஷிப்ட் கூலி ரூ. 450 என்று கணக்கிட்டால், ஐந்து நாளுக்கு மேல் நின்று சம்பாதித்தது இதற்கே சரி. கம்பெனிகளுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். அதனால்தான் ஏழையின் கையில் இருக்கும் சில்லறைக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி, மூலை முடுக்குப் பெட்டிக்கடை வரை தோரணமாய்த் தொங்கவிட்டிருக்கிறார்கள். மொத்தமாகக் கொடுத்தால் கணக்குக் கேட்போம். துளித்துளியாகப் போனால் தெரிவதில்லை.

இந்த வியாபாரத்தின் சரித்திரத்தையும் தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1975-ம் ஆண்டில் இந்துஸ்தான் லீவர் கம்பெனி ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற முகப்பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிவப்பாக இருப்பதுதான் அழகு என்று பெயரிலேயே பறைசாற்றிய சரக்கு அது. அதன் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், தனக்குச் சம்பாதித்துப் போட ஒரு மகன் இல்லையே என்று தகப்பன் அங்கலாய்ப்பான். கறுப்பான மகளின் மனம் நோகும். அவள் கிரீமைப் பூசுவாள், நிறம் மாறுவாள், விமானப் பணிப்பெண் ஆவாள், தகப்பன் மனம் குளிர்வான். அதாவது, பெண்ணாகப் பிறந்தது ஒரு குறை. கறுப்பாகப் பிறந்தது இன்னொரு குறை. இரண்டையும் ஒரு டியூப் தீர்த்துவைக்குமாம்!

இதை நாடு வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1981-ல் சென்னையில் உதயமான அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002-ல் இந்த விளம்பரங்களை எதிர்த்துக் கிளம்பியது. முதலில் கம்பெனிக்கே எழுதியது, பதிலில்லை. பிறகு தேசிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டது. ஓராண்டுப் போராட்டத்துக்குப் பின் 2003-ல் இரண்டு விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. அவை 1995-ம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்துக்கு விரோதமானவை என்று மத்திய சர்க்காரே சொல்ல வேண்டி வந்தது. கம்பெனி என்ன செய்தது? அதே ஆண்டில் அதே கிரீமின் பெயரால் ஒரு அறக்கட்டளை தொடங்கி, பெண்களுக்குப் படிப்பு உதவி என்று அறிவித்தது. வலது கையால் அவமானம், இடது கையால் உபகாரம். முதலாளிகளுக்கு இது புதிதல்ல.

2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பின மனிதர் போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் மூச்சுத் திணறிக் கொல்லப்பட்டார். உலகமெங்கும் நிறவெறிக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த அலையில்தான் இந்தக் கிரீம் தன் பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. வரன் தேடும் இணையதளம் ஒன்றும் நிறத்தை வைத்துப் பெண்ணை வடிகட்டும் வசதியை எடுத்துவிட்டது. 45 ஆண்டு விற்ற பொய்க்கு ஒரே மாதத்தில் பெயர் மாற்றம்! பெயர் மாறியதில் நமக்கு மகிழ்ச்சிதான். மக்கள் எழுந்தால் எவ்வளவு பெரிய கம்பெனியும் வளையும் என்பதற்கு அது அத்தாட்சி. ஆனால் டியூபின் மேல் எழுத்து மாறிவிட்டதால் பெண் பார்க்கும் திண்ணையில் பேச்சு மாறிவிடவில்லை.

உடம்புக்கு வரும் கேட்டையும் சொல்லிவிட வேண்டும். சந்தையிலும் பஸ் நிலையத்திலும் பெயர் தெரியாத டப்பாக்களில் விற்கும் சிவப்பழகுக் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலில் நிறம் ஊறுவதைத் தடுக்கும். அதோடு நிற்காமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் பலர் இத்தகைய கிரீம்களைப் பூசி வந்தவர்கள் என்று 2023-ல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். தோல் நோய்க்கான ஸ்டீராய்டு களிம்புகளை நிறத்துக்காகப் பூசுவதும் கெடுதல். தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரியும். எல்லாக் கிரீமிலும் விஷம் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. எதில் இருக்கிறது என்று தெரியாமல் பூசுகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள் என்பதுதான் நம் கவலை.

நிறத்தின் மேல் இத்தனை மோகம் எங்கிருந்து வந்தது? வயலில் வேலை செய்யும் நம் சகோதரிகளைக் கேளுங்கள். நாற்று நடுகிறவள் கறுக்கிறாள், களை பறிக்கிறவள் கறுக்கிறாள். வரப்பில் குடை பிடித்து நின்றவன் கறுப்பதில்லை. வெயிலில் நின்றவர் நிறம் தாழ்ந்தது, நிழலில் இருந்தவர் நிறம் உயர்ந்தது என்ற எண்ணம் உழைப்பை இழிவாக நினைத்தவர்கள் உண்டாக்கியது. சாதி அதற்குக் காவல் நின்றது. வெள்ளைக்காரன் ஆட்சி அதற்கு மேலும் மெருகு போட்டது. இன்று கம்பெனி அதைப் பொட்டலம் கட்டி விற்கிறது.

இதோடு வரதட்சணையும் கைகோத்து நிற்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தது. ஆனாலும் பெண் கறுப்பு என்றால் பவுன் கூடுகிறது. தகப்பனால் முடியாவிட்டால் மகளே சம்பாதிக்க வேண்டும். இந்தப் பலவீனத்தைத்தான் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பல பயன்படுத்திக்கொண்டன. ‘சுமங்கலித் திட்டம்’, ‘மாங்கல்யத் திட்டம்’ என்று மங்கலப் பெயர் சூட்டி, மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு ரூ. 30,000, ரூ. 50,000 என்று ஆசை காட்டிச் சிறு பெண்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியைப் பிடித்து வைத்து, கடைசியில் பரிசுபோல் கொடுப்பதாகச் சொன்ன சூழ்ச்சி அது. காலம் முடியுமுன் நோயில் விழுந்து வீடு திரும்பி, அந்தப் பணமும் கிடைக்காமல் நின்றவர்கள் உண்டு. வெயில் படாத ஆலைக்குள் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கலாம். அது அழகல்ல, ரத்தசோகை!

அழகை வேலைக்கு நிபந்தனையாக வைக்கிறவர்களும் உண்டு. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நிற்கும் பெண்களைப் பாருங்கள். சேலையில் மடிப்புக் கலையக் கூடாது, தலையில் பூ வாடக் கூடாது, முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது. ஆனால் உட்கார மட்டும் இடம் கிடையாது! கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விற்பனைப் பெண்கள் கழிப்பறைக்காகவும் உட்காரும் உரிமைக்காகவும் ஒன்று சேர்ந்து போராடினார்கள். 2018-ல் கேரளத்தில் சட்டம் திருந்தியது. 2021-ல் தமிழ்நாட்டிலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்ந்து, உட்கார இருக்கை தருவது கட்டாயமாயிற்று. சட்டம் வந்துவிட்டது, நாற்காலி வந்ததா என்று பார்ப்பது நம் வேலை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். பெண்கள் பூ வைக்கக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது, நல்ல சேலை உடுத்தக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படி உபதேசிக்க எந்த ஆணுக்கும் உரிமை கிடையாது. 1912-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரத்தில், கூலி வெட்டை எதிர்த்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நெசவாலைத் தொழிலாளர்கள், பெண்களும் ஏராளமாகச் சேர்ந்து, கடும் பனியில் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். ‘ரொட்டியும் ரோஜாவும்’ என்றே அந்தப் போராட்டம் சரித்திரத்தில் பேர் பெற்றது. உழைப்பாளிக்கு வயிற்றுக்குச் சோறும் வேண்டும், வாழ்வில் அழகும் வேண்டும் என்பது நம் வர்க்கத்தின் பழைய கோரிக்கை. நாம் எதிர்ப்பது ரோஜாவை அல்ல. ரோஜா வைக்காவிட்டால் மதிப்பில்லை என்ற மிரட்டலைத்தான் எதிர்க்கிறோம்.

இங்கே நம்மையும் கொஞ்சம் சுயவிமர்சனம் செய்துகொள்ள வேண்டும். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, மகனுக்குப் பெண் தேடும்போது, “பெண் நல்ல கலரா?” என்று கேட்கும் தோழர்கள் நம்மில் இல்லையா? கூட வேலை செய்யும் பெண்ணை ‘கறுப்பி’ என்றும் ‘குண்டு’ என்றும் கூப்பிட்டுச் சிரிப்பவர்கள் சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்கள் இல்லையா? ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களின் நிறத்தையும் உடையையும் பற்றி டீக்கடையில் பேசுவது யார்? முதலாளியின் விளம்பரத்துக்குக் கூலியில்லாத ஏஜெண்டாக நாமே இருந்தால், போராட்டம் எங்கிருந்து தொடங்கும்?

ஆகவே நாம் கேட்பவை இவைதாம்.

வேலை முடிந்து கை, முகம் கழுவத் தண்ணீரும் சோப்பும், துணி மாற்ற ஒரு மறைவிடமும், சுத்தமான கழிப்பறையும், நின்று வேலை செய்வோருக்கு உட்கார இருக்கையும் ஒவ்வொரு கம்பெனியிலும் வேண்டும். கழுவும் வசதியையும் இருக்கையையும் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. சட்டத்தின் பெயர் எப்படி மாறினாலும் இந்த உரிமையை விட்டுத்தர முடியாது.

தோற்றத்தைக் காட்டி வேலை மறுப்பதும், அலங்காரச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவதும் நிற்க வேண்டும். கேட்டால், அதைக் கம்பெனியே ஏற்க வேண்டும்.

பாதரசக் கிரீம்களைச் சுகாதார அதிகாரிகள் சந்தையில் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு சங்கக் கிளையிலும் பெண்கள் இவற்றைக் கூச்சமில்லாமல் பேச இடம் வேண்டும். ஆண்கள் அதைக் கேட்க வேண்டும்.

1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உழைப்புக்கு விலை பேச அன்று கற்றுக்கொண்டோம். உழைத்த முகத்துக்கு மரியாதை கேட்க இன்று கற்றுக்கொள்வோம். வெயிலிலும் பஞ்சிலும் கறுத்த அந்த முகத்தால்தான் ஊருக்குச் சோறும் துணியும் கிடைக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் ஊரில் வெளுத்த நிறத்தைச் ‘சிவப்பு’ என்கிறார்கள். சகோதரிகளே, அந்தச் சிவப்பு நமக்கு வேண்டாம். சிவப்பு நம் கொடியில் இருக்கிறது. அது போதும்!