பிளக் கழட்ட பலம் வேண்டாம், பொறுமை போதும்

புனேயில் மினி டிரக் ஓட்டிப் பிழைக்கிற நம்மாளுங்களுக்காக இந்தப் பதிவு. டீசல் லாரியில ஸ்பார்க் பிளக்கே கிடையாது. பெட்ரோல், சிஎன்ஜி வண்டிக்குத்தான் இந்தத் தலைவலி.

பிளக் இறுகிட்டா ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி முறுக்குறோம் பாருங்க, அது வீரம் இல்லை மக்களே. இன்ஜின் ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. மரை போச்சுன்னா ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். வண்டி நின்னா வருமானமும் நிக்கும்.

என் கட்சி இதுதான். இன்ஜின் நல்லா ஆறட்டும். பிளக் குழியில இருக்கற மண்ணைக் காத்தடிச்சு ஊதுங்க. துரு இளக்கற எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு ராத்திரி ஊறப் போடுங்க. காலையில கால் சுத்து இடப்பக்கம், இறுகினா திரும்ப வலப்பக்கம், மறுபடி எண்ணெய். அப்பவும் அசையலையா? நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்லை. புது பிளக்கை முதல்ல கையாலயே திருகுங்க, ஸ்பேனர் கடைசியில.

எல்லாத்தையும் நாமளே செய்யணும்னு சொல்லலை. ஆனா பாஷை பிடிபடாத ஊர்ல, "ஹெட் போச்சு"ன்னு யாராவது சொன்னா சும்மா தலையாட்டாம எதிர்க்கேள்வி கேட்கவாவது இது தெரிஞ்சிருக்கணும். நீங்க என்ன சொல்றீங்க? :-)