அந்தத் தாலாட்டைப் பாடியவர் யார்?

1990களின் நடுவில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் அடிக்கடி வந்துபோன விளம்பரம் ஒன்று, அன்று பிள்ளைகளாக இருந்தவர்களின் நினைவில் இன்னும் தங்கியிருக்கிறது. கனவு போன்ற காட்சிகள் நகரும்; பாடல்கள் ஒவ்வொன்றாகச் சில விநாடிகள் ஒலித்து மறையும்; திரையில் ஒரு தொலைபேசி எண் தெரியும். அழைத்துச் சொன்னால் 'பியூர் மூட்ஸ்' வீடு வந்து சேரும். வர்ஜின் நிறுவனம் 1991இல் பிரிட்டனில் 'மூட்ஸ்' என்று தொடங்கிய தொகுப்பு வரிசையின் அமெரிக்க முகம் அது. எனியாவின் 'ஒரினோகோ ஃப்ளோ', எனிக்மாவின் 'ரிட்டர்ன் டு இன்னொசென்ஸ்', டீப் ஃபாரஸ்டின் 'ஸ்வீட் லல்லபை', மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' எல்லாம் ஒரே குறுந்தகட்டில் இருந்தன. நியூ ஏஜ் இசையை நறுமணத் திரியோடும் ஸ்படிகக் கல்லோடும் சேர்த்து விமர்சகர்கள் ஒதுக்கிய காலம் போய், அந்தத் தொகுப்புகளை ஏக்கத்தோடு தேடிக் கேட்கும் காலம் வந்திருக்கிறது. இந்த ஏக்கத்தில் தவறில்லை. ஆனால் அது எதைத் தேடுகிறது என்பதில் தெளிவு வேண்டும். அந்தத் தட்டுகள் தந்த அமைதி மட்டும்தான் வேண்டுமென்றால், அது எப்போதோ திரும்பி வந்துவிட்டது. தூங்க, படிக்க, தியானம் செய்ய என்று ஸ்ட்ரீமிங் தளங்களில் மணிக்கணக்கில் கொட்டிக் கிடக்கிறது. மீட்டெடுக்க வேண்டியது வேறு: இது இன்னாருடைய குரல், இன்னாருடைய விரல் என்று சொல்லும் நேர்மை. தொகுப்புத் தட்டின் வரலாற்றிலேயே அந்த நேர்மை முதலில் இருந்து, பிறகு கைநழுவிப் போனது.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த வில்லியம் அக்கர்மன், தன் கிட்டார் இசையைப் பதிவுசெய்ய நண்பர்களிடம் ஆளுக்கு 5 டாலர் திரட்டினார். 1976இல் அப்படிப் பிறந்த நிறுவனம்தான் விண்டம் ஹில். பாட்டும் தாளமும் இல்லாத தனிக் கிட்டாருக்கும் பியானோவுக்கும் அன்றைய வணிக வானொலியில் பெரிதாக இடம் இல்லை. இந்தத் தட்டுகள் புத்தகக் கடைகளிலும் இயற்கை உணவுக் கடைகளிலும் விற்றன. 1980களின் தொடக்கத்திலிருந்து அந்நிறுவனம் மாதிரித் தொகுப்புகளை வெளியிட்டது. 1985இல் வந்த 'எ விண்டர்ஸ் சால்ஸ்டிஸ்' பின்னாளில் ஒரு பெரிய வரிசையாகவே வளர்ந்தது. இத்தொகுப்புகளின் நோக்கம் கேட்பவரைத் தொகுப்பிலிருந்து வெளியே அனுப்புவது. மைக்கேல் ஹெட்ஜஸின் கிட்டார் ஒன்று பிடித்துப்போனால் அவருடைய தனித் தட்டைத் தேடிப் போகலாம். ஜார்ஜ் வின்ஸ்டனின் 'டிசம்பர்' (1982) அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் விற்றது. பாடகர் இல்லாத ஒரு பியானோ தட்டு இவ்வளவு தூரம் போனதற்கு, பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தும் அந்தப் பழக்கமும் கைகொடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன். வானொலியிலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. பெர்க்லியின் கேபிஎஃப்ஏ நிலையத்தில் 1973இல் ஸ்டீபன் ஹில் தொடங்கிய 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்' நிகழ்ச்சி, இடையில் பேச்சே இல்லாமல் இசையை ஒழுகவிடும். முடிவில் இன்னின்னார் இசைத்தது என்று வாசித்துவிட்டுத்தான் விடைபெறும். பெயர் சொன்னால் மயக்கம் கலைந்துவிடும் என்பவர்களுக்கு அந்த நிகழ்ச்சி ஒரு நல்ல பதில்.

1987இல் காற்று திசை மாறியது. அந்த ஆண்டுதான் கிராமி விருதில் நியூ ஏஜுக்குத் தனிப் பிரிவு வந்தது. சுவிட்சர்லாந்தின் யாழிசைக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் வோலன்வைடர் முதல் விருதைப் பெற்றார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ராக் வானொலி 'தி வேவ்' என்று மாறி, அறிவிப்பாளர்களே இல்லாமல் இந்த வகை இசையை ஒலிபரப்பத் தொடங்கியது. இசை ஒரு சூழலாகிவிட்டால் அதைச் செய்தவர் யார் என்பது தேவையற்ற தகவலாகிவிடும் என்ற எண்ணத்துக்கு அங்கே ஒரு வணிக வடிவம் கிடைத்தது. 'பியூர் மூட்ஸ்' அந்த வழியில் வந்த பிள்ளை. அதற்குரிய சிறப்பையும் சொல்லிவிட வேண்டும். ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' 1973இல் வெளிவந்து, 'தி எக்ஸார்சிஸ்ட்' என்ற பேய்ப்படத்தின் வழியே உலகறிந்த இசை. 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரின் முகப்பிசையோ கேட்ட மாத்திரத்தில் முதுகுத்தண்டைச் சில்லிட வைப்பது. இரண்டையும் மனத்தைத் தளர்த்தும் தொகுப்பு என்ற பெயரில், எனியாவுக்குப் பக்கத்தில் வைத்த துணிச்சல் அந்தத் தொகுப்புக்கு இருந்தது. ஒன்றைக் கேட்டவருக்கு அதைப் போன்ற இன்னொன்றையே நீட்டும் இன்றைய பரிந்துரைக் கணக்கு இப்படி ஒரு சேர்க்கையைச் செய்யாது. இசைக் கடைக்குப் போகாத குடும்பங்களுக்குத் திரையிசையும் மின்னணு இசையும் ஒரே உறையில் போய்ச் சேர்ந்ததும் சிறிய காரியம் அல்ல. பழைய தட்டை நினைத்து ஏங்குபவர்கள் பெரும்பாலும் இந்தத் திடீர்த் திருப்பங்களுக்காகவே ஏங்குகிறார்கள் என்றால், நானும் அவர்கள் பக்கம்தான்.

ஆனால் அதே தட்டில்தான் 'ஸ்வீட் லல்லபை'யும் இருக்கிறது. எரிக் முக்கே, மிஷேல் சான்ஷே என்ற இரு பிரெஞ்சு இசைக்கலைஞர்கள் டீப் ஃபாரஸ்ட் என்ற பெயரில் 1992இல் வெளியிட்ட பாடல் அது. மத்திய ஆப்பிரிக்க மழைக்காட்டின் பிக்மி மக்களை முன்னிறுத்திய ஆல்பத்தில் வந்ததால், கேட்டவர்கள் பலரும் அதை ஆப்பிரிக்கத் தாலாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். குரல் வந்ததோ பசிபிக் பெருங்கடலிலிருந்து. சாலமன் தீவுகளில் மலைட்டா என்ற தீவில், பைகு இனத்தைச் சேர்ந்த அஃபுனாக்வா என்ற பெண் பாடிய 'ரோரோக்வேலா' அது. ஹ்யூகோ ஜெம்ப் என்ற இனவரைவியல் இசையறிஞர் 1970ஐ ஒட்டி அதைப் பதிவுசெய்தார். யுனெஸ்கோவின் இசை வரிசையில் 1973இல் தட்டாக வந்தது. பெற்றோரை இழந்து அழும் தம்பியை மூத்த பிள்ளை தேற்றுவதாக அமைந்த பாட்டு. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இடையில் நூலளவுதான் தூரம் என்பதை அறிந்த தமிழ்க் காதுக்கு இது எளிதில் விளங்கும். அந்தத் துயரம் முழுவதையும் கழற்றிவிட்டு, தாள இயந்திரத்தின் மேல் வைத்து, இனிமை என்ற அடைமொழியோடு அந்தக் குரல் விற்கப்பட்டது. ஜெம்ப் இதை 1996இல் எழுத்தில் கண்டித்தார். அதே ஆண்டு நார்வேயின் புகழ்பெற்ற சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பரெக், அந்த மெட்டை 'பிக்மி லல்லபை' என்ற தலைப்பில் தன் ஆல்பத்தில் வாசித்தார். ஒரு கண்டத்தையே மாற்றிவிட்ட பிழை, திருத்த ஆளில்லாமல், தேர்ந்த கலைஞர் ஒருவரின் தட்டு வரைக்கும் பயணம் போயிருக்கிறது. கார்பரெக்குக்குத் தீய எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பெயரில்லாமல் சுற்றும் இசை, நல்லெண்ணம் உள்ளவர்களையும் தவறு செய்ய வைத்துவிடுகிறது என்பதுதான் இதில் கவலைக்குரியது.

'ரிட்டர்ன் டு இன்னொசென்ஸ்' பாடலின் கதை இதைவிட வெளிப்படையானது. அதில் மீண்டும் மீண்டும் எழும் அந்தக் கம்பீரமான குரல்கள் தைவானின் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங், இகாய் தம்பதியுடையவை. 1988இல் அவர்கள் ஐரோப்பாவுக்குப் பாடப் போனபோது பிரான்சில் பதிவான பாடல், பிறகு குறுந்தகடாகி, எனிக்மாவின் மைக்கேல் கிரேட்டுவின் கைக்கு வந்தது. பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் விளம்பரத்துக்கும் பயன்பட்டது. பாடியவர்கள் தங்கள் கிராமத்தில் உயிரோடு இருந்தார்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1998இல் வழக்குப் போட்டார்கள். 1999இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஏற்பட்டது. பாடலில் அவர்களுடைய பங்கும் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. இருவரும் உலகப் புகழ்பெற்ற ஒரு பாட்டின் கலைஞர்கள் என்ற நிலை இவ்வளவு தாமதமாக, வழக்கறிஞர்கள் வழியாக வர வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. எனிக்மா இல்லாவிட்டால் டிஃபாங்கின் குரல் தைதுங் மாவட்டத்தைத் தாண்டி யாருக்குக் கேட்டிருக்கும், டீப் ஃபாரஸ்ட் இல்லாவிட்டால் அஃபுனாக்வாவின் பாட்டு ஆவணக் காப்பகத்தில்தானே கிடந்திருக்கும் என்பார்கள். கேட்டிருக்காது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பரப்பியதற்கும் பெயரை மறைத்ததற்கும் தொடர்பே இல்லை. உறையில் இரண்டு பெயரை அச்சிட்டிருந்தால் விற்பனை ஒரு தட்டு குறைந்திருக்குமா? சமரசத்துக்குப் பிறகும் அந்தப் பாட்டு அதே பாட்டாகத்தான் ஒலிக்கிறது. பெயர் சேர்ந்ததால் அதன் மயக்கம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. இன்னொரு மறுப்பு, இது பயன்பாட்டு இசை என்பது. தூங்குவதற்காகக் கேட்பவருக்குப் பாடியவர் யார் என்பது எதற்கு? பயன்பாட்டு இசை என்றாலும் அதற்கு ஆசிரியர் உண்டு என்பதை ஜப்பான் காட்டியிருக்கிறது. 1980களில் அங்கே நிறுவனங்களே சூழல் இசைக்குப் புரவலர்களாக இருந்தன. ஹிரோஷி யோஷிமுரா அழகுசாதன நிறுவனமான ஷிசெய்தோவுக்காக இசையமைத்தார். தகாஷி கொகுபோ 1987இல் சான்யோவின் அறைக் குளிரூட்டிக்காக ஒரு ஆல்பமே செய்தார். ஏசி வாங்கியவருக்கான இசையிலும் செய்தவர் பெயர் இருந்தது. அதனால்தான் முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது.

கண்டுபிடித்தவர்கள் யார் என்பதுதான் இந்த ஏக்கத்துக்கு இருக்கும் நல்ல பக்கம். லைட் இன் தி அட்டிக் நிறுவனம் 2013இல் 'ஐ ஆம் தி சென்டர்' என்ற தொகுப்பை வெளியிட்டது. 1950 முதல் 1990 வரை அமெரிக்காவில் தனியாட்கள் சொந்தமாக வெளியிட்ட நியூ ஏஜ் இசை அதில் திரட்டப்பட்டிருக்கிறது. 2019இல் அதே நிறுவனம் ஸ்பென்சர் டோரன் தொகுத்த 'கங்கியோ ஓங்காகு'வில் யோஷிமுரா, கொகுபோ உள்ளிட்ட ஜப்பானியர்களைக் கொண்டுவந்தது. கிராமி விருதின் வரலாற்று ஆல்பப் பிரிவுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது. இவையும் ஏக்கத்தில் பிறந்த தொகுப்புகள்தாம். ஆனால் ஒவ்வொரு இசையையும் அதைச் செய்த மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டன. விலை கூடிய வினைல் தட்டுகள் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்குதானே என்று கேட்கலாம். தட்டு சிலரிடம் போகலாம். ஆனால் அதற்காகச் செய்த ஆய்வும் மீட்ட பெயர்களும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகின்றன.

மறுபக்கம், ஸ்ட்ரீமிங் தளங்கள் 'பியூர் மூட்ஸ்' விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கின்றன. மனநிலைப் பெயரிட்ட பிளேலிஸ்ட்டுகளில் ஒலிக்கும் மென்மையான பியானோ இசைகளில் கணிசமானவை புனைபெயர்களில் வருபவை. ஸ்வீடன் இசையமைப்பாளர் யோஹான் ரோர் 650க்கும் மேற்பட்ட பெயர்களில் சுமார் 2,700 இசைத் துண்டுகளை ஸ்பாட்டிஃபையில் வெளியிட்டிருக்கிறார், அவை 1,500 கோடி முறை கேட்கப்பட்டிருக்கின்றன என்று ஸ்டாக்ஹோமின் 'தாகென்ஸ் நிஹேத்தர்' நாளிதழ் 2024இல் எழுதியது. சட்டப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை. புனைபெயர் கலைக்குப் புதிதும் அல்ல. ஆயினும் 'ஸ்வீட் லல்லபை'க்கு நேர்ந்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உலகெங்கும் ஆடிக்காட்டி 2006இல் இணையத்தில் பிரபலமான மாட் ஹார்டிங், தன் காணொளிக்கு அந்தப் பாட்டையே வைத்திருந்தார். அதன் பூர்வீகம் தெரியவந்ததும் அஃபுனாக்வாவைத் தேடி சாலமன் தீவுகளுக்கே போனார். அவர் 1998இலேயே இறந்துவிட்டிருந்தார். தாமதமானாலும் அந்தத் தேடல் நடக்க முடிந்ததற்குக் காரணம், குறுந்தகட்டுக்குப் பின்னால் யுனெஸ்கோ தட்டு ஒன்றும், அதன் பின்னால் ஜெம்பின் குறிப்பும், அதில் ஒரு பெண்ணின் பெயரும் இருந்ததுதான். வாரந்தோறும் மாறும் ஒரு பிளேலிஸ்ட், நேற்று என்ன ஒலித்தது என்பதற்கே கேட்பவர் கையில் தடயம் விடுவதில்லை. பழைய தொகுப்புகளை நேசிப்பவர்கள் அவற்றின் ஓவியத்தையும் விளம்பரத்தையும் மறுபடி அச்சடிக்கச் சொல்வதோடு நிற்காமல், 'பியூர் மூட்ஸ்' வரிசையின் அடுத்த மறுபதிப்பில் அஃபுனாக்வாவின் பெயர் உறையிலேயே வர வேண்டும் என்றும், தளங்கள் தம் மனநிலைப் பட்டியல்களில் உண்மையான இசைப்பாளரின் பெயரைக் காட்ட வேண்டும் என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.