பாலே நடனமும் பிறவி யோக்கியதையும்

லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 41. மகளுக்கு வயது 8. பள்ளிக்கூடத்துத் தோழிகள் நாலைந்து பேர் பாலே நடனம் படிக்கப் போவதைப் பார்த்து அந்தக் குழந்தையும் ஆசைப்பட, தாயார் ஒரு நடன வகுப்புக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கிருந்த ஆசிரியை குழந்தையின் காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கு இடுப்பு இடங்கொடுக்காது, இதெல்லாம் பிறவியிலேயே அமைய வேண்டும்" என்று சொல்லிவிட்டாராம். குழந்தை வீடு வந்து சேருகிறவரை அழுதிருக்கிறது. வீட்டுப் பெரியவர்களோ, "நல்லதாய்ப் போயிற்று, நம் குடும்பத்துப் பெண் மேடையிலே காலைத் தூக்கி ஆடுவதா?" என்று சந்தோஷப்பட்டார்களாம். சகோதரி கேட்பது இதுதான்: "அய்யா, குழந்தையை நிறுத்திவிடட்டுமா? இன்னொன்றைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. எனக்கும் கற்றுக்கொள்ள ஆசை. இந்த வயதில் அது பைத்தியக்காரத்தனமா?"

நாம் ஆட்டம் பாட்டம் அறிந்தவர்கள் அல்ல. ஆனால் "பிறவியிலேயே" என்ற சொல்லை எங்கே கேட்டாலும் சற்று நின்று விசாரிப்பது நமது வழக்கம். ஏனெனில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இந்த நாட்டில் ஒருவனைக் கர்ப்பக்கிரகத்துக்குள்ளும் இன்னொருவனைத் தெருவுக்கு வெளியிலும் நிறுத்தி வைத்தார்கள். ஆகவே பாலே விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு தூரம் ஆதாரம் இருக்கிறது என்று பார்ப்போம்.

இந்த நடனம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. இத்தாலி, பிரான்சு தேசத்து அரண்மனைகளில் பிரபுக்கள் ஆடிய ஆட்டம் அது. பிரஞ்சு அரசன் 14-ஆம் லூயி தானே ஆடுகிறவன். 1661-இல் நடனத்துக்கென்று ஒரு சபையையே ஏற்படுத்தினான். அதனால்தான் முழங்காலை மடக்குவதற்கு "ப்ளியே" என்றும், பாதத்தைத் தரையில் தேய்த்து நீட்டுவதற்கு "தாந்து" என்றும் இன்றும் எந்த ஊர் வகுப்பிலும் பிரஞ்சுப் பேரையே சொல்லுகிறார்கள். நம் ஊரில் புரியாத மந்திரத்துக்கு மரியாதை அதிகம் என்பது போல, புரியாத பேர்களுக்கும் கொஞ்சம் பயபக்தி உண்டாகிவிடுகிறது. அர்த்தம் என்னவோ மடக்குவதும் நீட்டுவதும்தான்.

ருஷ்யாவில் 1738-இல் பீட்டர்ஸ்பர்க்கு நகரத்தில் நடனப் பள்ளி ஆரம்பித்தபோது யாரைச் சேர்த்தார்கள்? பிரபு வீட்டுப் பிள்ளைகளையா? இல்லை. அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகளை, ஆண் 12, பெண் 12 என்று பொறுக்கி எடுத்தார்கள். மாஸ்கோவில் 1773-இல் அனாதை விடுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். "வேண்டாம்" என்று சொல்ல ஆள் இல்லாத பிள்ளைகள்! வேலைக்காரி மகனும் அனாதையும் பழகி ஆடியதுதான் பிற்பாடு "தெய்வீகக் கலை" ஆயிற்று.

உலகமெல்லாம் புகழ்ந்த அன்னா பாவ்லோவா அம்மையார் துணி வெளுக்கும் ஒரு பெண்ணின் மகள். அவரையும் முதல் தடவை "சிறியவள், நோஞ்சான்" என்று அந்தப் பீட்டர்ஸ்பர்க்குப் பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டு, 1891-இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். ருடால்ப் நூரியேவ் என்ற தாத்தாரியர், தகப்பனார் தடுத்தும் கேளாமல், 1955-இல் தம் 17-வது வயதில்தான் அதே பள்ளிக்குள் நுழைந்தார். பத்து வயதிலேயே சேரவேண்டிய பள்ளி அது! 1961-இல் அவர் பாரிசில் ஆடியபோது "இவர் லேட்டாக வந்தவர்" என்று யாரும் டிக்கட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பர்களின் உடலே பாலேக்குப் பொருந்தாது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 1969-இல் ஆர்தர் மிச்சல் என்ற கறுப்பர் நியூயார்க்கு ஹார்லெமில் பள்ளியும் கூட்டமும் ஆரம்பித்து ஆடிக் காட்டினார். 13-வது வயதில் ஆரம்பித்த மிஸ்டி கோப்லண்டு என்ற கறுப்புப் பெண் 2015-இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதல் வரிசை ஆட்டக்காரர் ஆனார். ஆனாலும் ஜோடு மட்டும் வெள்ளைக்காரர் தோலுக்கு ஏற்ற ரோஜா நிறத்திலேயே வந்துகொண்டிருந்தது. லண்டனில் கறுப்பு, மாநிற ஆட்டக்காரர்களுக்கென்று பழுப்பு நிற ஜோடு செய்து விற்க ஆரம்பித்தது 2018-இல்! அதுவரை முகத்துக்குப் பூசும் மாவை ஜோட்டுக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

நிற்க. அந்த ஆசிரியை சொன்னதில் ஒரு உண்மையும் இருக்கிறது. அதை மறைப்பது நமது வேலையல்ல. பாலேயில் இரண்டு பாதமும் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். மூட்டுக் குழியின் எலும்பு அமைப்பு ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். ஒருவருக்கு நிறையத் திரும்பும், ஒருவருக்குக் கொஞ்சந்தான் திரும்பும். திரும்பாததை முழங்காலிலிருந்தும் கணுக்காலிலிருந்தும் முறுக்கித் திருப்பினால் காயம்தான் மிச்சம். பாரிசிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் உள்ள பெரிய பள்ளிகள் இதையெல்லாம் அளந்து பார்த்துத்தான் பிள்ளைகளை எடுக்கின்றன. மேடையில் ஒரே மாதிரி வரிசை நிற்க ஆள் வேண்டும் என்பதற்காகப் பார்க்கிறார்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவன் மார்பளவு பார்க்கிறான். அதற்காக மார்பளவு குறைந்தவன் ஓடவே கூடாது என்று யாராவது சொல்லுவார்களா? கூலிக்கு ஆள் எடுக்கும் கணக்கைக் கற்க வரும் குழந்தையிடம் காட்டுவதுதான் அக்கிரமம். திரும்புகிற அளவுக்குத் திருப்பி ஆடட்டுமே!

இதற்கு நேர்மாறான பைத்தியமும் உண்டு. 1832-இல் மாரி தாக்லியோனி அம்மையார் பாரிசில் விரல் நுனியில் நின்று ஆடிப் பேர் வாங்கினார். அதுமுதல் தங்கள் பெண் எப்போது நுனியில் நிற்பாள் என்பதே பெற்றோர் பலருக்குக் கவலை. அந்த ஜோட்டின் நுனி துணியும் பசையும் அடுக்கடுக்காய் வைத்து விறைக்கச் செய்தது. உடம்பின் பாரம் முழுவதும் அங்கே இறங்கும். சில வருஷம் ஒழுங்காகப் பழகி, கணுக்காலும் இடுப்பும் வலுத்து, 11, 12 வயதாவது ஆன பிறகே அதைப் போடலாம் என்று வைத்தியர்களும் நல்ல ஆசிரியர்களும் சொல்லுகிறார்கள். வயது ஆனால் மட்டும் போதாது, வலுவும் வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு அந்த ஜோட்டை மாட்டிப் படம் எடுத்து மாட்டுகிற வகுப்பாயிருந்தால், சகோதரி வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது.

பெரியவர்களின் மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாரிசில் 19-ஆம் நூற்றாண்டில் சந்தா கட்டிய பணக்காரர்கள் மேடைக்குப் பின்னால் நுழைந்து ஆட்டக்காரப் பெண்களைப் பொறுக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பெண்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். தேகா என்ற சித்திரக்காரர் 1881-இல் செய்து காட்டிய 14 வயது ஆட்டக்காரியின் உருவமும் ஒரு சலவைக்காரியின் மகளுடையதுதான். நம் நாட்டில் கோவிலுக்குப் பெண்ணைப் பொட்டுக் கட்டினார்கள். சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்க 1947-இல் சட்டம் வர வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் குற்றம் காலைத் தூக்கியதிலா, கையை நீட்டிய பணக்காரனிடமா? பொட்டுக் கட்டின காலத்தில் வாய் திறக்காதவர்களுக்கு, சொந்த ஆசையில் கற்கப்போகும் குழந்தையைத் தடுக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

இனி 41 வயதின் விஷயம். ருக்மிணி தேவி அம்மையார், பாவ்லோவாவின் கூட்டத்தைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே பழக ஆரம்பித்தது 25 வயதை ஒட்டி. அதற்குப் பிறகுதான் பரதநாட்டியம் கற்று 1935-இல் அடையாற்றில் ஆடினார். வசதியும் ஜாதியும் துணையிருந்தால் வயது தடையில்லை என்றும் சிலர் சொல்லலாம், அதுவும் மெய்தான். ஆனால் லண்டனில் ராயல் நடன அக்காதமி 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே 2017-இல் பாலே வகுப்பு முறை ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. நியூயார்க்கு புரூக்ளினில் கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 2001 முதல் நடன வகுப்பு நடக்கிறது. அப்படியிருக்க 41 என்ன வயது?

சகோதரி பாவ்லோவா ஆகமாட்டார். அதை நாம் இப்போதே சொல்லிவிடுகிறோம். நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்க ராப்பள்ளிக்கூடத்துக்கு வருகிறவனைப் பார்த்து, "நீ கம்பனாகப் போகிறாயா?" என்று யாராவது கேட்டால் அவனைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? அவன் பஸ்ஸின் பலகையைப் படிக்க வந்தான். இவர் நாள் முழுவதும் பிறத்தியார் உடம்பைத் தூக்கிப் புரட்டிவிட்டு, வாரத்தில் ஒரு மணி நேரம் தன் உடம்பைத் தானே ஆள வருகிறார். மெல்லிய துணி ஜோடு ஒன்று போதும். பிடித்துக்கொள்ளச் சுவரிலே கட்டை இருக்கும். முதல் வருஷம் பெரும்பாலும் அந்தக் கட்டையோடுதான்.

இதே கருத்துப்பட முன்பே பதில் எழுதியிருந்தோம். போன வாரம் மறு கடிதம் வந்தது. வேறு வகுப்பு கண்டுபிடித்தாயிற்றாம். சனிக்கிழமை காலை குழந்தைக்கு, புதன்கிழமை மாலை இவருக்கு. பக்கத்தில் கட்டையைப் பிடித்து நிற்பவர் வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு பஸ் டிரைவராம். ஆஸ்பத்திரி வேலை முடிந்து போகிற நாளில் தொடை எரிகிறது என்று எழுதியிருக்கிறார். வீட்டில் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு தாயும் மகளும் முழங்காலை மடக்குகிறார்களாம். தப்பாக மடக்கினால் மகள்தான் அதட்டுகிறாளாம்.