கோல்காப்பாளரின் ஒரு விநாடியும் எமது தீர்ப்பும்

1997 ஆம் ஆண்டு யூன் 3 ஆம் நாள், லியோன் நகரின் ஜெர்லான் அரங்கில், பிரேசில் வீரர் றொபேர்ட்டோ கார்லோஸ் பிரான்சுக்கு எதிராக அடித்த கோலைப் பற்றிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. உதைபந்தாட்ட இரசிகர் இருவர் எங்கு கூடினாலும் அது மீண்டும் விசாரணைக்கு எடுக்கப்படுகின்றது. ஒருவர் “அற்புதம்” என்பார். மற்றவர் “பார்த்தேஸ் மரம்போல நின்றாரே, பேருக்காவது பாய்ந்திருக்கக் கூடாதா?” என்பார். பிரான்சில் வாழும் எம்மவரிடையே இந்த இரண்டாவது கட்சிக்கு ஆதரவு சற்று அதிகம்.

ஏறத்தாழ 35 மீற்றர் தொலைவு. நீண்டதோர் ஓட்டத்தின் பின், இடது காலின் வெளிப்புறத்தால் கார்லோஸ் பந்தை உதைத்தார். அது தடுப்புச் சுவராக நின்ற வீரர்களுக்கு வெளியே, கோலுக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் சென்றது. கோலிலிருந்து பல மீற்றர் தள்ளி நின்ற, பந்து எடுத்துக் கொடுக்கும் சிறுவன், தன்மீது படப்போகின்றது என்று தலையைக் குனிந்தான். அதன் பின்னரே பந்து உட்புறமாக வளைந்து, கம்பத்தின் உட்பக்கத்தைத் தொட்டு வலைக்குள் புகுந்தது. ஆட்டம் 1-1 என்று முடிந்தது.

சுழன்று செல்லும் பந்து வளையும் என்பது எவரும் அறிந்ததே. ஆனால் 2010 இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று வேறொரு நுட்பத்தைச் சுட்டியது. பந்தின் வேகம் காற்றில் விரைந்து குறைகின்றது; சுழற்சி அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. ஆகவே தூரம் செல்லச் செல்ல வளைவு மேலும் இறுகி, நத்தை ஓட்டின் சுருள்போல ஆகின்றது. 20 மீற்றர் உதைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 35 மீற்றரின் கடைசிப் பகுதி முற்றிலும் அந்நியமானது. பந்து கோலை அடைய எடுத்த நேரமோ ஒரு விநாடிக்குச் சற்றே மேல். அதன் முற்பகுதி முழுவதும் பார்த்தேசின் கண் அவருக்குச் சொன்ன செய்தி, “இது வெளியே போகின்றது” என்பதுதான். அவர் பாயாமல் நின்றதை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை. எட்டாத பந்துக்குப் பாய்ந்து விழுவது புகைப்படக்காரருக்கு மட்டுமே உதவும்.

கோல்காப்பாளரை எதனைக் கொண்டு அளப்பது? பந்து வலைக்குள் போனதா இல்லையா என்பதைக் கொண்டு அளப்பதே எமது வழக்கம். நாம் அதனை ஏற்கவில்லை. பந்து காலை விட்டுப் புறப்படுவதற்கு முந்திய கணத்தில் அவர் எங்கே நின்றார், ஏன் அங்கே நின்றார் என்று கேட்க வேண்டும். மெதுவசைவுக் காட்சி எமக்கு உண்டு, அவருக்கு இல்லை.

கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். கோட்டிலேயே நிற்பவர் தலைக்கு மேலே காத்துக்கொள்வார். ஆனால் இரு பக்கமும் அகலத் திறந்து கிடக்கும். முன்னே வந்தால் பக்கங்கள் ஒடுங்கும். தலைக்கு மேலே வானம் திறக்கும். இரண்டையும் ஒருங்கே மூட எவராலும் இயலாது. எதை எதிரி செய்யக்கூடும் என்று எண்ணி ஒன்றைத் தெரிவது, மற்றதை விட்டுக்கொடுப்பது: இதுவே இத்தொழில். சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கையால் எடுக்கலாகாது என்ற விதி 1992 இல் வந்த பின்னர், கோல்காப்பாளர் காலாலும் ஆட வேண்டியவரானார். தற்காப்பு வரிசை முன்னே நகரும்போது அவரும் நகர்ந்து, பின்னால் விழும் பந்துகளைக் கூட்டி அள்ள வேண்டும். வானத்தைத் திறந்து விடும்படி அவருக்குப் பயிற்றுநரே கட்டளையிடுகின்றார்.

1995 மே 10 ஆம் நாள் பாரிசின் பார்க் தே பிறின்ஸ் அரங்கில் நடந்ததை எடுத்துக் கொள்வோம். ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தின் இறுதியாட்டம். ஆர்செனலும் ஸ்பெயினின் ஸரகோஸாவும் 1-1. மேலதிக நேரத்தின் கடைசி நிமிடம். ஸரகோஸாவின் நயீம் வலது ஓரத்தில், ஏறத்தாழ 40 மீற்றர் தொலைவிலிருந்து பந்தை வானில் ஏற்றினார். டேவிட் சீமன் முன்னே நின்றார், பின்னோக்கி ஓடினார், கை பந்தில் பட்டது, பந்தும் அவரும் வலைக்குள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், அரையிறுதியில் சம்ப்தோரியாவின் மூன்று தண்ட உதைகளைத் தடுத்து ஆர்செனலை அந்த இறுதிக்குக் கொண்டு வந்தவரும் இதே சீமன்தான்.

கை பட்ட பந்தைத் தட்டிவிட முடியாதா என்று கேட்பவர்கள், தமது வீட்டு முற்றத்தில் ஒருமுறை பின்னோக்கி ஓடி, மேலே எட்டிப் பார்க்கட்டும். உடற்பாரம் குதிகாலுக்குப் போய்விடும். குதிகாலில் நின்று எவராலும் எம்ப முடியாது. கை மட்டும் எழும். அதில் பலம் இராது. இதனாற்றான் பயிற்றுநர்கள் இடுப்பைத் திருப்பி, கால்களைக் குறுக்கே மாற்றி வைத்து, பக்கவாட்டாக ஓடிவந்து, ஒரு காலை ஊன்றி எம்பக் கற்பிக்கின்றனர். ஆனால் அப்படித் திரும்புவதற்கு, பந்து எந்தத் தோளுக்கு மேலாக வருகின்றது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தவறான தோளைத் தெரிந்தவர் பந்தைக் காணவே மாட்டார். அந்த நிமிடத்தில் தற்காப்புக்குப் பின்னால் விழக்கூடிய ஒரு நீண்ட பந்தை எதிர்பார்த்து முன்னே நின்றது சரியான நிலையே. பாரிசில் சீமனைக் குற்றவாளியாக்க எம்மால் முடியாது.

ஏழு ஆண்டுகளின் பின், 2002 யூன் 21 ஆம் நாள், யப்பானின் ஷிசுவோக்கா மாகாணத்தில் நடந்தது அப்படியன்று. உலகக் கிண்ணக் காலிறுதி. பிரேசிலின் ரொனால்டினியோ வலப்புறத்தே வெகுதூரத்திலிருந்து பிறீ கிக் அடித்தார். பந்து சீமனின் தலைக்கு மேலாகப் பறந்து தூர மூலையில் விழுந்தது. அவர் வேண்டுமென்றே கோலுக்கு அடித்தாரா, சக வீரருக்குக் கொடுக்க முயன்றது பிசகியதா என்ற விவாதம் சுவையானதாயினும் எமது கேள்விக்குத் தேவையற்றது. பந்து தரையில் அசையாமல் இருந்தது. நிற்குமிடத்தைத் தெரிய அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது. குறுக்கே வரும் பந்தை எதிர்பார்த்து, அது புறப்படுமுன்னரே அவர் மிக முன்னே போய்விட்டார். இங்கே அவர் பிழை செய்தார் என்றே நாம் கருதுகின்றோம். இங்கிலாந்து 2-1 என்று தோற்றது. 38 வயது சீமன் கண்ணீருடன் மைதானத்தை விட்டுச் சென்றதை உலகமே பார்த்தது. ஒரே மனிதர், ஒரே மாதிரியான இரு கோல்கள், இரு வேறு தீர்ப்புகள். இதனைப் பிரித்துப் பார்க்காத விவாதம் வெறும் கூச்சலே.

2021 யூன் 14 இல் கிளாஸ்கோவில் செக் வீரர் பற்றிக் ஷிக் 45 மீற்றருக்கும் மேலான தூரத்திலிருந்து அடித்ததும் பாரிஸ் வகையைச் சேர்ந்ததே. ஸ்கொட்லாந்து தாக்கிக் கொண்டிருந்தது; அதன் வீரர் ஒருவர் தூரத்திலிருந்து அடித்த பந்து தடைப்பட்டுத் திரும்பியது. கோல்காப்பாளர் டேவிட் மார்ஷல், தன் அணிக்கு வேண்டிய இடத்தில், வெகு முன்னே நின்றார். அவர் வலைக்குள் உருண்டு விழுந்த படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். ஏழு மாதங்களுக்கு முன்னர் பெல்கிறேட்டில் கடைசித் தண்ட உதையைத் தடுத்து, 1998 க்குப் பின் முதற்றடவையாக ஸ்கொட்லாந்து ஆண்கள் அணியைப் பெருந்தொடர் ஒன்றுக்குள் கொண்டு வந்தவர் அவர் என்பதை அவர்கள் அன்று நினைக்கவில்லை.

இதனை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. கோடை வந்தால் ஐரோப்பிய நகரங்களில் எமது கழகங்கள் சுற்றுப்போட்டிகள் நடத்துகின்றன. சிறுவர் ஆட்டங்களில் ஓட மாட்டாதவனை, அல்லது புதிதாக வந்தவனைக் கோலுக்குள் நிறுத்துவதே வழக்கமாயுள்ளது. பெரியவர்களின் கோல் அளவே அவனுக்கும் தரப்பட்டால், தலைக்கு மேலே வரும் எந்தப் பந்தும் அவனுக்கு எட்டாது. கோல் விழுந்ததும் கோட்டுக்கு வெளியே நிற்கும் தகப்பன்மாரின் குரல்கள் எழும். அடித்த பையனின் திறமையைப் பேசுவோர் ஒருவர் இருவரே. அடுத்த கோடையில் அந்தக் காப்பாளன் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று எவரும் கேட்பதுமில்லை.

பெரியவர்களின் உலகில் இக்கூச்சல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரேசிலின் மொவாசிர் பார்போசா சாட்சி. அவருக்கு விழுந்தது தூரத்து உதையன்று. எனினும் கேள்வி இதுவேதான். 1950 யூலை 16, மரக்கானா அரங்கு. சமநிலை கிடைத்தாலே பிரேசிலுக்கு உலகக் கிண்ணம் என்றிருந்தது. 79 ஆவது நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா வலப்புறமாக ஓடிவந்து, பார்போசாவுக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையே பந்தைச் செலுத்தினார். பிரேசில் 2-1 என்று தோற்றது. பழி கறுப்பினத்தவரான பார்போசாவின் மீது விழுந்தது. 1993 இல் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குச் சென்ற அந்த முதியவர், அபசகுனம் என்று திருப்பி அனுப்பப்பட்டார். 2000 ஏப்ரலில் அவர் இறக்கும்வரை அந்த ஓர் உதை அவரை விட்டு அகலவில்லை.

அவர் ஏன் கம்பத்தை விட்டு ஓரடி நகர்ந்தார்? பதின்மூன்று நிமிடங்களுக்கு முன்னர் இதே கிஜ்ஜியா இதே பக்கத்தால் ஓடிவந்து பந்தைக் குறுக்கே கொடுக்க, ஸ்கியாஃபினோ அதனைக் கோலாக்கியிருந்தார். மறுபடியும் குறுக்கேதான் கொடுப்பார் என்று பார்போசா எண்ணினார்.