மரக்காணம் உப்பும் மாவட்ட ஏற்றுமதி இலக்கும்

உலகில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்தபடியாக மிகுதியான உப்பை விளைவிக்கும் நாடு இந்தியா. இந்தியாவுக்குள் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு உரியது. இந்த உண்மைகளோடு, 2030ஆம் ஆண்டுக்குள் சரக்கும் சேவையுமாக 2 லட்சம் கோடி டாலர் ஏற்றுமதியை எட்ட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிகக் கொள்கை வகுத்த இலக்கையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளங்களும் உலகச் சந்தைக்கு உப்பு அனுப்பக் கூடியவையே என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மாவட்டமும் ஏற்றுமதி மையமாக வேண்டும் என்ற கருத்து 2019 சுதந்திர நாள் உரையில் பிரதமரால் முன்வைக்கப்பட்டு, பின்னர் அக்கொள்கையின் தூண்களில் ஒன்றின் பகுதியாகவும் ஆக்கப்பட்டது. மரக்காணத்தில் துறைமுக மரபு உண்டு, குறைவது தரமும் ஊக்கமும்தான், துண்டு துண்டான சிறு உப்பளங்களே தடை, ஏற்றுமதி பெருகினால் தொழிலாளர் கூலியும் தானே உயரும் என்பன இந்த வாதத்தின் படிகள். இவற்றில் ஒன்றுகூட அந்தக் கடற்கரையின் இன்றைய நிலைமையோடு பொருந்தவில்லை.

துறைமுக மரபு மெய்யானதே. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் பண்டைய கடல்வழிக் குறிப்பு சுட்டும் சோபட்மா இவ்வூரே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அருகிலுள்ள ஆலம்பறைக் கோட்டைத் துறையிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் சரிகைத் துணியோடும் நெய்யோடும் உப்பும் கப்பலேறியது. ஆனால் அக்காலக் கப்பல்கள் ஆழம் குறைந்த கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுப் படகுகள் வழியே சரக்கு ஏற்றியவை. இன்று வெளிநாட்டுக்குப் போகும் உப்பு, மூட்டை கட்டாமல் ஆயிரக்கணக்கான டன்களாகக் கப்பலில் கொட்டப்படுவது. அதை வாங்குவோரில் பெரும்பாலோர் சீனா முதலிய கிழக்காசிய நாடுகளின் வேதித் தொழிற்சாலைகள். விலை மலிவான, எடை மிகுந்த இச்சரக்கில் உப்பின் விலையைக் காட்டிலும் அதை நகர்த்தும் செலவே வணிகத்தைத் தீர்மானிக்கிறது. கண்ட்லா, முந்த்ரா துறைமுகங்களை ஒட்டி விளையும் குஜராத்தின் கட்ச் உப்போடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டிய மரக்காணம் உப்பு விலையில் போட்டியிட இயலாது. எந்த ஏற்றுமதி ஊக்கத்தொகையும் இந்தத் தொலைவைக் குறைக்காது.

மழை இன்னொரு தடை. மழை அரிதான கட்சைப் போலன்றி, வடகிழக்குப் பருவமழை நேரடியாக இறங்கும் இக்கரையில் உப்பு விளைச்சல் ஆண்டின் முற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ செப்டம்பரோடு முடிந்துவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்த ஃபெஞ்சல் புயல் போன்ற ஒன்று வந்தால், வரப்பு உடைந்து பாத்திகள் சேறாகி, அடுத்த பருவத்தின் தொடக்கமும் தள்ளிப்போகும். மாதந்தோறும் இவ்வளவு டன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தை இந்த வானிலையின்மேல் கட்டுவது ஆபத்தானது. 2025இல் மழையால் விளைச்சல் குன்றிய இலங்கை இந்தியாவிலிருந்து உப்பை வாங்க நேர்ந்ததைச் சந்தை வாய்ப்புக்குச் சான்றாகக் காட்டுவோர், இலங்கையில் பாத்திகளைக் கரைக்கும் அதே பருவமழை தமிழகக் கரையையும் நனைக்கிறது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

தரத்தைப் பற்றிய குற்றச்சாட்டு விரிவாகப் பார்க்கத் தக்கது, ஏனெனில் இங்குதான் தொழிலாளியின் கவனக்குறைவு என்று பழி போடப்படுகிறது. கடல்நீர் எடையன்திட்டு முகத்துவாரத்தின் ஓடைகள் வழியாகவும் பக்கிங்காம் கால்வாய் வழியாகவும் உள்ளே வந்து, முதலில் நீர்த்தேக்கத்திலும் பின்னர் அடுத்தடுத்த சுண்டும் பாத்திகளிலும் நின்று வெயிலில் செறிவேறுகிறது. உப்பளத்தில் டிகிரி என்றே வழங்கும் பாமே என்ற அளவில் மூன்று அல்லது மூன்றரையாகத் தொடங்கும் அடர்த்தி, 25ஐ நெருங்குவதற்குள் ஜிப்சம் படிந்து பிரிய வேண்டும்; அதற்குப் பிறகே உப்பு பூக்கும் பாத்திக்கு நீரைத் திறக்க வேண்டும்; 29 அல்லது 30ஐத் தாண்டுமுன் மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். இந்த வரிசை ஒழுங்காக நடக்க, மொத்தப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டும் உப்பு எடுக்கும் பாத்திக்கு ஒதுக்கி, மற்றதையெல்லாம் நீரைச் சுண்ட வைப்பதற்கே விட வேண்டும். சில ஏக்கர் மட்டும் வைத்திருப்பவர், குத்தகை எப்போது புதுப்பிக்கப்படும் என்ற உறுதியும் இல்லாதபோது, நிலத்தின் பெரும்பகுதியை நேரடி வருவாய் இல்லாத சுண்டும் பாத்திகளுக்கு விடத் துணியமாட்டார். அடர்த்தி கூடுமுன் நீரைத் திறந்துவிடுவார். ஜிப்சமும் உப்போடு சேர்ந்தே படியும். களிமண் தரையை மிதித்து இறுக்கிய பாத்தியில், வெயில் ஏறுமுன் விடியற்காலையில் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிக்கும் தொழிலாளி எவ்வளவு கவனமாக இழுத்தாலும் அந்தக் குறை நீங்காது. அடித்தரை மண்ணும் சிறிது சேர்ந்தே வரும். இதைத் தீர்ப்பது தரச்சான்றிதழ் அன்று. நீண்டகாலக் குத்தகையும், பல சிறு உற்பத்தியாளர்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுச் சுண்டும் பரப்பும், உப்பைக் கழுவும் ஆலையுமே. இதற்கான தொழில்நுட்ப அறிவை வளர்க்கும் நிறுவனம் நாட்டில் 1954இலேயே அமைந்துவிட்டது. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கெனவே இயங்குகிறது.

சிறு உப்பளங்களை ஒழித்துப் பெருநிறுவனத்திடம் ஒப்படைத்தால்தான் ஏற்றுமதி வளரும் என்பதற்கு இந்திய உப்பின் வரலாறே மறுமொழி. 1947இல் இந்நாடு இங்கிலாந்திலிருந்தும் ஏடனிலிருந்தும் உப்பை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டே 10 ஏக்கர் வரையிலான சிறு உப்பளங்களுக்கு உரிமம் தேவையில்லை என்று அரசு தளர்த்தியது; 1953இல் நாடு தன்னிறைவு அடைந்து, பிறகு உப்பை வெளியே அனுப்பும் நிலைக்கு உயர்ந்தது. அந்த வளர்ச்சிக்குச் சிறியவர்கள் தடையாக இருக்கவில்லை.

கூலியும் தானே உயரும் என்ற கடைசி வாதத்தைச் சோதிக்க, இதே கரையில் வேரூன்றிய இன்னொரு ஏற்றுமதிப் பொருளான இறாலைப் பார்க்க வேண்டும். 2023-24இல் இந்தியா அனுப்பிய 738 கோடி டாலர் மதிப்பிலான கடல் உணவில் உறைந்த இறால் மட்டும் ஏறத்தாழ 488 கோடி டாலர். அதை அதிகம் வாங்கியது அமெரிக்கா. இந்த வெற்றியின் தொடக்கக் காலத்திலேயே பண்ணைக் கழிவுநீரும் உவர்நிலப் பரவலும் கரையோர மக்களின் வாழ்வைப் பாதிப்பதாக வழக்கு எழுந்து, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்காற்று மண்டலத்துள் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீதான தீர்வையை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, ஒரே வாங்குநரை நம்பிய இறால் வணிகம் எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதும் தெரிந்தது. ஏற்றுமதித் தொகை பெருகிய அளவுக்குக் கரையிலிருப்போர் வாழ்வு உறுதிப்படவில்லை என்பதே இறால் தரும் பாடம். உப்பளத் தொழிலாளிக்கோ மழை தொடங்கியதும் வேலை நின்றுவிடுகிறது. தமிழ்நாடு அரசு அம்மாதங்களுக்கு வழங்கத் தொடங்கிய ரூ.5,000 நிவாரணம் வரவேற்கத்தக்கதே ஆயினும், ஒரு குடும்பம் மூன்று மாதம் வாழ அது போதாது.

மாவட்ட ஏற்றுமதித் திட்டத்தைச் செயற்படுத்துவோரின் அதிகாரமே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. மாவட்ட ஆட்சியர் தலைமையில், அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் வட்டார அலுவலரை இணைத்தலைவராகக் கொண்டு அமையும் மாவட்ட ஏற்றுமதி ஊக்குவிப்புக் குழுவே செயல்திட்டத்தை வகுக்கிறது. ஆனால் உப்புத் தொழிலை ஒழுங்குபடுத்துவது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 58ஆம் பதிவில் அடங்குவது; மரக்காணத்தின் 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளப் பரப்பில் ஒன்றிய அரசுக்கு உரிய நிலத்தின் குத்தகை, ஜெய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட உப்பு ஆணையர் அமைப்பின் கையில் இருக்கிறது. அந்த இயக்ககமும் உப்பு ஆணையர் அமைப்பும் ஒரே வணிக, தொழில் அமைச்சகத்தின் இரு வேறு துறைகளைச் சேர்ந்தவை. குத்தகையை நீட்டிக்கும் அதிகாரம் இல்லாத குழு ஏற்றுமதி இலக்கை எழுதுகிறது; குத்தகையை நீட்டிக்கும் அமைப்புக்கு அந்த இலக்கில் பொறுப்பு இல்லை. வளரும் நாடுகளின் ஏற்றுமதி உத்திகள் பலவும் இத்தகைய இடைவெளியில்தான் தேங்குகின்றன. அவற்றின் இலக்கு எண்ணோ எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஜெனீவாவின் சர்வதேச வணிக மையத்தின் துணையோடு 2018இல் இலங்கை வெளியிட்ட தேசிய ஏற்றுமதி உத்தி 2022இல் 2,800 கோடி டாலரை எதிர்பார்த்தது. அந்த ஆண்டு அந்நாட்டின் சரக்கு ஏற்றுமதி ஏறத்தாழ 1,300 கோடி டாலராகவே இருந்தது. நெருக்கடிகள் ஒரு காரணம் என்றாலும், அந்த எண் நாட்டின் ஆற்றலைவிடப் பெரிதாக இருந்தது என்பதை மறுக்க முடியாது.

உப்பு வெளிநாட்டுக்கு நேரே போகாவிட்டாலும் ஏற்றுமதியில் பங்கெடுக்கிறது என்பதையும் மாவட்டக் கணக்கு காட்டாது. தோலை அழுகாமல் காக்கவும் பருத்தித் துணியில் சாயத்தை ஏற்றவும் உப்பு வேண்டும்; ராணிப்பேட்டை, ஆம்பூர் தோலிலும் திருப்பூர்ப் பின்னலாடையிலும் தமிழகக் கடற்கரையின் வியர்வை கலந்தே கடல் கடக்கிறது. ஆகவே விழுப்புரம் மாவட்டத்தின் ஏற்றுமதிப் பட்டியலில் உப்பு இடம்பெறாவிட்டாலும் அதைத் தோல்வியாகக் கருதக் கூடாது. அந்த மாவட்டத் திட்டம் எழுதப்படும்போது, குத்தகையை நீண்டகாலத்துக்குப் புதுப்பித்தல், முகத்துவாரத்தையும் கால்வாயையும் தூர்வாருதல், பொதுவான கழுவும் ஆலை அமைத்தல், மழை மாதங்களில் கூலிக்கு நிகரான வருவாய் உறுதி ஆகிய நான்கும், யார் எப்போது செய்வர் என்ற பொறுப்போடு, முதலில் எழுதப்பட வேண்டும். அதுவரை மரக்காணம் உப்புக்கு ஏற்றுமதி இலக்கு எதையும் விதிக்க வேண்டியதில்லை.