பொழுதுபோக்கு என்னும் பெயரில் ஓர் உழைப்பு

பெண்கள் ஓய்வு நேரத்தில் ரெசின் வார்க்கக் கற்றுக்கொண்டு, செய்த பொருள்களை இணையத்தில் விற்று, வீட்டிலிருந்தபடியே வருவாய் ஈட்டலாம் என்னும் அறிவுரை 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக்குப் பின் நம் நகரங்களில் வெகுவாகப் பரவியிருக்கிறது. ஒருநாள் பயிற்சி வகுப்புகளின் விளம்பரங்கள் கைப்பேசியில் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. சாவிக்கொத்து, பெயர்ப்பலகை, கடலலை தீட்டிய சுவர்க்கடிகாரம், தீபாவளிக்கு விளக்குத்தட்டு, ரக்ஷாபந்தனுக்கு ராக்கி என்று செய்பொருள்கள் பல. இவற்றுள் விலை மிகுந்தது, வட இந்தியத் திருமணங்களில் மணமக்கள் மாற்றிக்கொள்ளும் வர்மாலாவை உலர்த்தி, பளிங்கு போன்ற கட்டியினுள் நிலைப்படுத்தித் தரும் வேலையாகும். நம் தோழர்களில் பலர் இதனை நடுத்தர வர்க்கத்தின் மோகம் என்று ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்குவது சரியன்று என்பதே என் கருத்து.

முதலில் பொருளைப் பற்றி. ரெசின் என்பதற்குப் பிசின் என்ற பழஞ்சொல் நம்மிடம் உண்டு. குங்கிலியமும் அரக்கும் நம் கைவினைகள் நெடுங்காலமாக அறிந்தவை. ஜெய்ப்பூரின் அரக்கு வளையல்காரர்கள் இன்றும் கரி நெருப்பில் அரக்கை இளக்கி உருட்டுகின்றனர். ஆனால் இப்போது பேசப்படும் எபாக்சி ரெசின் மரத்திலிருந்தோ பூச்சியிலிருந்தோ வருவதன்று. பெரும்பாலும் பிஸ்பீனால் ஏ, எபிகுளோரோஹைட்ரின் ஆகிய இரு வேதிப்பொருள்களின் வினையால் ஆலையில் உருவாவது. அதனுடன் அமீன் வகைக் கெட்டிப்படுத்தியைக் குறித்த விகிதத்தில் கலந்தால் வெப்பத்தை வெளியிட்டு இறுகுகிறது. ஒருமுறை இறுகியதை மீண்டும் உருக்க இயலாது. ஆகவே உடைந்த துண்டு குப்பைதான். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் பிசின் என்றே எழுத விரும்புகிறேன். எனினும் வேப்பம்பிசினையும் இதனையும் ஒரே பெயரால் அழைத்தால், இதுவும் அதனைப் போலத் தீங்கற்றது என்ற எண்ணம் தோன்றிவிடும். எனவே ரெசின் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த வேலையில் ஓர் இன்பம் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. தில்லியில் எங்கள் அடுக்ககத்தில் வாழும் பெண்ணொருவர், அச்சிலிருந்து முதல் பொருளைப் பிரித்தெடுத்த நாளில் அண்டை வீட்டாரையெல்லாம் அழைத்துக் காட்டினார். தன் கையால் ஒரு முழுப்பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆக்கும் மகிழ்ச்சி, அலுவலகத்திலும் ஆலையிலும் பெரும்பாலோருக்குக் கிட்டாதது. 1884இல் சோஷலிஸ்ட் லீகைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான வில்லியம் மோரிஸ், தாமே நெசவும் சாயமும் பழகியவர்; உழைப்பில் இன்பம் காண்பது மனிதரின் உரிமை என்று வாதிட்டவர். அவருடைய நிறுவனத்தின் கைவினைப் பொருள்களைச் செல்வர்களே வாங்க முடிந்தது என்பது அவரை வாட்டிய முரண்பாடு. இன்றைய முரண்பாடு வேறுவகையானது. பொருள் மலிவாக விற்கிறது. ஆக்குபவரின் நேரம் அதைவிட மலிவாகப் போகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுவர்க்கடிகாரம் 1,200 ரூபாய்க்கு விற்கிறது எனக் கொள்வோம். ரெசின், பலகை, நிறமி, கடிகாரப்பொறி ஆகியவற்றுக்கு 500 ரூபாய்; பொதிவுக்கும் கூரியருக்கும் 150; தளத்தின் கழிவுக்கும் விளம்பரத்துக்கும் இன்னொரு 150. எஞ்சுவது 400. பலகையைத் தேய்த்துச் சமன் செய்வது, கலப்பது, ஊற்றுவது, குமிழிகளை நீக்குவது, இறுகியபின் இரண்டாம் பூச்சு, மெருகு, படம் எடுப்பது, வாங்குபவரின் கேள்விகளுக்கு விடை எழுதுவது என எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 50 ரூபாய். ஆனால் எல்லாப் பொருளும் தேறுவதில்லை. மழைக்கால ஈரப்பதத்தில் மேற்பரப்பில் வெண்மை படரும். தில்லிக் குளிரில் சரியாக இறுகாது. கூரியரில் விளிம்பு உடையும். ஐந்தில் ஒன்று வீணாகி, அதன் மூலப்பொருளுக்கான 500 ரூபாயும் போய்விட்டால், 40 மணி நேர உழைப்புக்குக் கையில் நிற்பது 1,100. அதாவது மணிக்கு 27 ரூபாய் 50 காசு. 2025 ஏப்ரலில் தில்லியில் திறன்சாராத் தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மாதம் 18,456 ரூபாய். 26 நாள், நாளொன்றுக்கு எட்டு மணி எனப் பகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 88 ரூபாய் வருகிறது. திறன் பெற்ற ஒருவர், பயிற்சிக்குத் தாமே கட்டணம் செலுத்தி, தம் முதலையே போட்டு, அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகப் பெறுகிறார்.

இதை அவரிடம் சொன்னால், 'பொழுதுபோக்குத்தானே, எனக்கு ஓய்வு நேரம்' என்பார். பொழுதைப் போக்குவதற்குப் பொழுது வேண்டும் அல்லவா? 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். ரெசின் கலக்கப்படுவது அந்த 289 நிமிடங்களுக்குப் பின்னர், பெரும்பாலும் பிள்ளைகள் உறங்கிய இரவில். மூலதனத்தின் முதல் தொகுதியில் துண்டுக்கூலி பற்றிய அத்தியாயத்தைப் படித்தவர்கள் இதை எளிதில் அடையாளம் காண்பார்கள். மேற்பார்வையாளர் தேவையில்லை, உழைப்பவரே தம்மை விரட்டிக்கொள்கிறார். அதே நூலில் லேஸ் பின்னும் குடிசைகளைப் பற்றி மார்க்ஸ் எழுதிய பக்கங்களில், ஆலை தனக்கு வேண்டாத செலவுகளையெல்லாம் வீட்டின்மேல் இறக்கிவைக்கும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. இடம், விளக்கு, வெப்பம், நோய் அனைத்தும் உழைப்பவர் கணக்கில்.

நோய் என்றதும் நிறுத்திச் சொல்ல வேண்டும். இறுகாத எபாக்சியும் அதன் கெட்டிப்படுத்தியும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்க வல்லவை. காற்றாலை இறக்கை செய்வோரிடத்தும் வண்ணப்பூச்சுத் தொழிலாளரிடத்தும் நெடுநாளாக அறியப்பட்ட தொழில்நோய் இது. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். பின்னர் சிறு துளி பட்டாலும் கை தடித்துக் கொப்புளிக்கும். தூசிக்கான சாதாரண முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிவடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். கைக்கு நைட்ரில் உறை வேண்டும். முற்றிலும் இறுகாத பொருளைத் தேய்க்கும்போது எழும் தூள் தனித்தீங்கு. ஆலையாக இருந்தால் ஆய்வாளர் வருவார் என்று சொல்லவாவது இடமுண்டு. இங்கே ஆலை என்பது சமையலறை மேடை. புட்டியின்மேல் 'நச்சற்றது' என்று அச்சிட்டிருக்கிறது. அது இறுகிய பிறகா, முன்பா என்பதை யாரும் விளக்குவதில்லை.

அரசின் கணக்கில் இவர் யார்? காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 2017-18இல் 23.3 விழுக்காடாக இருந்தது, 2023-24இல் 41.7 ஆக உயர்ந்தது. இதனைச் சாதனையாகப் பறைசாற்றுகிறார்கள். ஆனால் அதே 2023-24இல் வேலையில் இருப்போரில் 58.4 விழுக்காட்டினர் சுயதொழில் செய்வோர். குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோரும் இதற்குள் அடக்கம். மணிக்கு 27 ரூபாய் பெறுபவரும் இந்தக் கணக்கில் வேலைபெற்றவரே. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களை ஏற்றுக்கொண்டது. அப்பட்டியலில் மாலை தொடுப்பவர் இருக்கிறார், அது நியாயமே. அம்மாலையை ரெசினில் நிலைப்படுத்துபவர் இல்லை. மரபு என்பதைப் பட்டியலாக மட்டுமே காணும் பார்வை இது.

சட்டமோ இன்னும் நுட்பமாக நழுவுகிறது. 2008ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வீட்டிலிருந்து பணிபுரிபவரை வரையறுக்கும்போது 'வேலையளிப்பவருக்காக' என்ற சொல்லை வைத்தது. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டமும் அதனையே வைத்துக்கொண்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா இதுவரை ஏற்புறுதி செய்யவில்லை. அதுவும்கூட, சுயேச்சையாகத் தொழில் செய்யுமளவுக்குத் தன்னாட்சியும் பொருளாதாரச் சார்பின்மையும் உடையவரை விலக்கிவைக்கிறது. கேள்வி அங்கேதான் எழுகிறது. கழிவு எவ்வளவு, திருப்பியனுப்பிய பொருளின் செலவு யாருக்கு, யாருடைய படம் முதலில் தோன்றும் என்பவற்றையெல்லாம் விற்பனைத்தளமே முடிவுசெய்யும்போது அந்தப் பெண்ணுக்கு எஞ்சும் தன்னாட்சி எது?

இவ்வழக்கு நமக்குப் புதிதன்று. பீடித் தொழிலில் முதலாளிகள் இலையையும் தூளையும் விற்பதாகவும், சுற்றிய பீடியைத் திரும்ப வாங்குவதாகவும் கணக்கெழுதி, சுற்றுபவர் சுயதொழிலாளர் என்று வாதாடினார்கள். நெடிய போராட்டங்களின் விளைவாக 1966இல் தனிச்சட்டம் வந்தது. வீட்டில் சுற்றும் பெண்ணும் தொழிலாளியானார். அச்சட்டம் செல்லும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ரெசின் வார்ப்பவர் பீடி சுற்றுபவர் அல்லர் என்று ஒரு தோழர் என்னிடம் வாதாடினார். உண்மைதான், இவரிடம் குளிர்பதனப்பெட்டி இருக்கிறது, பட்டமும் இருக்கக்கூடும். ஆனால் பட்டம் பெற்ற பெண்ணுக்கு வேலை கிடைக்காத நாட்டில், அந்தப் பட்டம் வர்க்கத்தை அறியும் அளவுகோலாகுமா? சங்கத்தில் சேர வாருங்கள் என்று நேரே அழைத்தால் அவர் சிரிப்பார். தம்மைத் தொழில்முனைவோர் என்றே எண்ணுகிறார். அவ்வாறு எண்ணவே அவருக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

ஆகவே அவருக்கு உடனே பயன்படுவதிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உற்பத்தியாளர் தரும் பாதுகாப்புத் தரவுத்தாளில் 16 பிரிவுகள் இருக்கும். முதலுதவி நான்காவது, கையாளுதலும் சேமிப்பும் ஏழாவது, காப்புக்கருவிகள் எட்டாவது, உடல்நலத் தீங்குகள் பதினொன்றாவது. நான் பார்த்தவை அனைத்தும் ஆங்கிலத்திலேயே இருந்தன. இந்த நான்கு பிரிவுகளைத் தமிழாக்க எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் போதும். இந்தி, வங்காளி, மராத்தி மொழிபெயர்ப்புத் தோழர்களுக்கும் அவ்வளவே ஆகும். ஒரே தாளின் இருபுறமும் அச்சிட்டு, தில்லி சதர் பஜாரில் அச்சுகளும் ரெசினும் விற்கும் கடைவாசல்களில் மாதர் அமைப்பின் தோழர்கள் கொடுக்கலாம். தாளின் அடியில், மேலே போட்ட கடிகாரக் கணக்கையும் சேர்த்துவிடலாம். எண்களை அவரவர் நிரப்பிக்கொள்ளக் கட்டங்களை வெறுமையாக விட்டு.